முதலில் விற்பதா, முதலில் வாங்குவதா? சந்தை படுத்திருக்கும்போது வீடு மாறுகிறவர்களுக்கு

சொந்த வீட்டில் இருந்துகொண்டே இன்னொரு வீட்டுக்கு மாற நினைப்பவருக்கு, சந்தை சூடாக இருக்கும் காலத்தில் பெரிய குழப்பம் இல்லை. பழைய வீடு எப்படியும் விலை போய்விடும். நடுவில் வரும் ஒன்றிரண்டு மாத இடைவெளியைச் சமாளித்துவிடலாம். சந்தை படுத்துவிட்டால்தான் எதை முதலில் செய்வது என்ற கேள்வி தூக்கத்தைக் கெடுக்கிறது. முதலில் விற்றுவிட்டால் எங்கே போய்த் தங்குவது? முதலில் வாங்கிவிட்டு, பழையது விற்காமல் நின்றால் இரண்டு தவணையை யார் கட்டுவது?

வழிகள் ஐந்து. முதலில் வாங்கலாம். முதலில் விற்கலாம். இரண்டையும் ஒன்றோடொன்று கோத்து ஒரே நேரத்தில் முடிக்கலாம். பழைய வீட்டை விற்காமல் வாடகைக்கு விட்டுவிட்டுப் புதியதை வாங்கலாம். அல்லது இருக்கும் இடத்திலேயே இருந்துவிடலாம். மந்தமான சந்தையில் பெரும்பாலானோருக்கு முதலில் விற்பதுதான் சரி என்பது என் முடிவு. ஏன் என்பதையும், யாருக்கு அது பொருந்தாது என்பதையும் கணக்கோடு பார்ப்போம்.

எந்த மாதிரிக் கஷ்டம்?

'சந்தை சரியில்லை' என்று எல்லோரும் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் அதற்குள் இரண்டு வேறு வேறு நிலைமைகள் இருக்கின்றன. ஒன்றுக்கு ஏற்ற மருந்து மற்றொன்றுக்கு விஷம்.

முதலாவது, விலையே சரியும் காலம். அமெரிக்காவில் 2006 உச்சத்திலிருந்து 2012 வரை வீட்டு விலை நாடளவில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. அயர்லாந்தில் 2007-க்கும் 2013-க்கும் இடையில் ஏறக்குறைய பாதியே போய்விட்டது. இப்படிப்பட்ட காலத்தில் விற்பனைக்கு வீடுகள் குவிந்து கிடக்கும், வாங்க ஆள் இருக்காது.

இரண்டாவது, விலை பெரிதாக இறங்காமல் சந்தை உறைந்துபோகும் காலம். அமெரிக்காவில் 30 ஆண்டு வீட்டுக் கடனின் சராசரி வட்டி 2021 ஜனவரியில் 2.65 சதவீதமாக இருந்தது. 2023 அக்டோபரில் அது 7.79 சதவீதம். மலிவான வட்டியில் கடன் வைத்திருந்தவர்கள் அதை விட்டுவிட்டு மூன்று மடங்கு வட்டிக்குப் போக மனமில்லாமல் வீட்டை விற்கவே இல்லை. 2023-ல் அங்கே கைமாறிய பழைய வீடுகள் சுமார் 40.9 லட்சம்தான், 1995-க்குப் பிறகு அதுவரை அவ்வளவு குறைவாக ஓர் ஆண்டும் இருந்ததில்லை. வாங்குபவர்களும் குறைவு, விற்பவர்களும் குறைவு என்பதால் விலை மட்டும் அப்படியே நின்றது. வட்டி ஏறினால் விலை தானாக விழுந்துவிடும் என்று காத்திருந்தவர்களுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சியது.

(டென்மார்க்கில் இந்த உறைதல் குறைவு. அங்கே வீட்டுக் கடன்கள் கடன் பத்திரங்களாகச் சந்தையில் விற்கப்படுகின்றன. வட்டி ஏறினால் அந்தப் பத்திரத்தின் விலை இறங்கும். கடன் வாங்கியவர் தன் கடனுக்கு ஈடான பத்திரத்தை அந்தக் குறைந்த விலைக்கு வாங்கிக் கொடுத்தே கடனை முடிக்கலாம். நல்ல ஏற்பாடு. மற்ற நாடுகள் ஏன் இதைப் பின்பற்றவில்லை என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.)

உங்கள் பகுதி இதில் எந்த வகை என்று கண்டுபிடிக்க ஒரு எளிய கணக்கு போதும். இப்போது விற்பனைக்கு இருக்கும் வீடுகளின் எண்ணிக்கையை, ஒரு மாதத்தில் உண்மையில் விற்றுப்போகும் எண்ணிக்கையால் வகுங்கள். 60 வீடு இருக்கிறது, மாதம் 6 விற்கிறது என்றால் கையிருப்பு 10 மாதம். ஐந்தாறு மாதம் என்பது சமநிலை என்று சந்தையில் பொதுவாக வைத்துக்கொள்வார்கள். அதற்கு மேலே போகப் போக வாங்குபவர் கை ஓங்கும், கீழே வர வர விற்பவர் கை ஓங்கும். இதை ஊர் முழுவதற்கும் போடாமல் இரண்டு முறை போடுங்கள்: நீங்கள் விற்கப்போகும் வகை வீட்டுக்கு ஒன்று, வாங்கப்போகும் வகைக்கு ஒன்று. சிறிய வீடுகள் சட்டென்று விற்று, பெரிய வீடுகள் மாதக்கணக்கில் நிற்கும் இடங்கள் உண்டு. தலைகீழாகவும் உண்டு. எந்த வழி நல்லது என்ற விடையில் பாதி இந்த இரண்டு எண்களிலேயே வந்துவிடும்.

விலையை விடுங்கள், வித்தியாசத்தைப் பாருங்கள்

வீடு மாறுகிறவர்கள் பழைய வீட்டின் விலை இறங்கியதையே நினைத்துக்கொண்டிருப்பார்கள். வாங்கப்போகும் வீடும் அதே சந்தையில்தான் இருக்கிறது.

உங்கள் வீட்டின் விலை உச்சத்தில் 100 என்றும், ஆசைப்படும் பெரிய வீடு 160 என்றும் வைத்துக்கொள்வோம். மாறுவதற்குத் தேவையான கூடுதல் தொகை 60. சந்தை 15 சதவீதம் இறங்கினால் உங்கள் வீடு 85, அந்த வீடு 136. வித்தியாசம் 51. உங்கள் வீட்டில் 15 போனது உண்மை, ஆனால் அங்கே 24 குறைந்திருக்கிறது. பெரிய வீட்டுக்குப் போகிறவருக்கு இறங்கிய சந்தை லாபம். சிறிய வீட்டுக்கு இறங்கி வருகிறவருக்கு இதே கணக்கு தலைகீழ்: உச்சத்தில் கையில் மிஞ்சியிருக்க வேண்டிய 60 இப்போது 51 ஆகிவிடும்.

இந்தக் கணக்கைப் பலர் சொல்வார்கள். ஆனால் கடனைச் சேர்த்தால் படம் மாறிவிடுகிறது, அதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். அந்த 100 மதிப்புள்ள வீட்டில் 80 கடன் பாக்கி என்று வையுங்கள். உச்சத்தில் விற்றால் கையில் 20 மிஞ்சும். புதிய வீட்டுக்கு வங்கி 20 சதவீதம் கைப்பணம் கேட்டால் 160-க்கு 32. கூடுதலாகப் புரட்ட வேண்டியது 12. இப்போதோ 85-க்கு விற்றுக் கடனை அடைத்தால் மிஞ்சுவது 5 மட்டும். 136-க்கு 20 சதவீதம் என்றால் 27.2. புரட்ட வேண்டியது 22.2. புதிய வீடு மலிவாகியிருக்கிறது, மொத்தக் கடனும் குறைவு, ஆனால் அந்த வாசலைத் தாண்டுவதற்கான ரொக்கம் ஏறக்குறைய இரண்டு மடங்கு தேவைப்படுகிறது. கடன் அதிகம் உள்ளவர்கள் இறங்கிய சந்தையில் அகலக் கால் வைக்க முடியாமல் நிற்பது இதனால்தான்.

வட்டியையும் பார்க்க வேண்டும். 20 ஆண்டில் அடைக்கும் 1,00,000 கடனுக்கு 6 சதவீத வட்டியில் மாதத் தவணை 716. வீட்டு விலை 15 சதவீதம் இறங்கி, 85,000 கடன் வாங்கினால் போதும் என்ற நிலை வந்தாலும், வட்டி 9 சதவீதம் என்றால் தவணை 765. மலிவாக வாங்கியும் மாதம் அதிகமாகக் கட்டுகிறீர்கள். பிற்பாடு வட்டி இறங்கினால் கடனை மாற்றிக்கொள்ளலாம் என்பது உண்மை. ஆனால் அந்த நாள் வரும்வரை 765 கட்ட முடிந்தால் மட்டுமே அந்த உண்மை உதவும்.

முதலில் வாங்குவது

இதில் உள்ள சுகம் எல்லோருக்கும் தெரியும். பிடித்த வீட்டை நிதானமாகத் தேடலாம், ஒரே தடவை சாமான் ஏற்றினால் போதும், பழைய வீட்டைக் காலி செய்து வெள்ளையடித்து அழகாகக் காட்டலாம். பிள்ளைகள் படிப்பும் கெடாது.

ஆனால் பழைய வீட்டில் முடங்கியிருக்கும் பணம் வராமல் புதியதை வாங்க வேண்டுமானால், பெரும்பாலும் இடைக்காலக் கடன் எடுக்க வேண்டிவரும். சாதாரண வீட்டுக் கடனைவிட இதற்கு வட்டி அதிகம், தவணைக் காலம் குறைவு. 85 மதிப்புள்ள பழைய வீட்டை நம்பி அவ்வளவு தொகையையும் ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் எடுத்தால் மாதம் 0.85 போகும். இந்த வட்டியோடு, பூட்டிக் கிடக்கும் வீட்டின் வரி, காப்பீடு, பராமரிப்பு எல்லாம் சேர்த்து மாதம் 1 என்று வையுங்கள். ஒரு மாதத்தில் விற்றால் போனது 1. ஆறு மாதம் இழுத்தால் 6. அதற்குள் அவசரப்பட்டு விலையை 5 சதவீதம் இறக்கினால் இன்னும் 4.25. மொத்தத்தில் பத்துக்கு மேல், அதாவது வீட்டின் மதிப்பில் எட்டில் ஒரு பங்கு கரைந்துபோகும்.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. காலி வீட்டைப் பார்க்க வருபவருக்கு நீங்கள் ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்பது முதல் ஐந்து நிமிடத்திலேயே புரிந்துவிடும். 'எப்போது காலி செய்வீர்கள்?' என்று அவர் கேட்க, 'எப்போது வேண்டுமானாலும்' என்று நீங்கள் சொல்ல, பேரம் அந்த இடத்திலேயே அவர் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

முதலில் விற்பது

கையில் பணம் வந்துவிடும். எவ்வளவு என்று காசுத் துல்லியமாகத் தெரியும். கடன் பாக்கி தீர்ந்திருக்கும். மந்தமான சந்தையில் இப்படி ஒருவர் வீடு பார்க்க வருகிறார் என்றால் விற்பவர்கள் அவரை விடமாட்டார்கள், ஏனென்றால் அங்கே அவர்களுக்குக் கிடைக்காதது இதுதான்: நிபந்தனை இல்லாமல், சொன்ன தேதியில் முடிக்கக்கூடிய ஆள். இதற்காகவே விலையில் இரண்டு மூன்று சதவீதம் விட்டுக்கொடுப்பவர்கள் உண்டு.

செலவு என்ன? நடுவில் வாடகை, இரண்டு தடவை சாமான் மாற்றுவது, கொஞ்சம் சாமானைக் கிடங்கில் போட்டு வைப்பது. 85 மதிப்புள்ள ஒரு வீட்டுக்கு ஆண்டு வாடகை 4 சதவீதம் என்று வைத்தால் ஆறு மாதத்துக்கு 1.7. சாமான் ஏற்றி இறக்க, மற்றதற்கு 1. மொத்தம் மூன்றுக்குள். விற்ற பணத்துக்கு அந்த ஆறு மாதம் வங்கியில் வரும் வட்டி இதில் ஒரு பகுதியை ஈடுகட்டும்.

நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால், இதிலும் ஒரு பெரிய ஆபத்து உண்டு. நீங்கள் வாடகை வீட்டில் இருக்கும்போது சந்தை திரும்பி 5 சதவீதம் ஏறினால், 136-க்குப் பார்த்த வீடு 6.8 ஏறிவிடும். வாடகையோடு சேர்த்து 9.5. முன்னே பார்த்த பத்துக்கும் இதற்கும் பெரிய தூரம் இல்லை. அப்படியானால் இரண்டும் ஒன்றுதானா?

இல்லை என்பதற்கு இரண்டு காரணங்கள். கையிருப்பு 10 மாதம் இருக்கும் சந்தையில் உங்கள் வீடு ஆறு மாதம் விற்காமல் நிற்பது சர்வ சாதாரணம். அதே சந்தை ஆறு மாதத்தில் 5 சதவீதம் எகிறுவது அபூர்வம். இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. விலை ஏறிவிட்டால் நீங்கள் சற்றுச் சிறிய வீடு பார்க்கலாம், வேறு பகுதி பார்க்கலாம், வாடகையிலேயே இன்னும் ஓராண்டு இருக்கலாம். உங்கள் கையில் முடிவு இருக்கிறது. இரண்டு வீட்டுக் கடனோடு நிற்பவருக்கு அப்படி எந்த வழியும் இல்லை, மாதம் பிறந்தால் வங்கிக்குப் பணம் போயாக வேண்டும். வீட்டு வியாபாரத்தில் குடும்பங்கள் நொடிந்துபோவது குறைந்த விலைக்கு விற்றதால் மட்டும் நடப்பதில்லை. விற்றே தீர வேண்டிய நாளில் விற்றதால்தான் பெரும்பாலும் நடக்கிறது.

இரண்டு முறை வீடு மாறுவதைத் தவிர்க்க ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. விற்ற பிறகும் அதே வீட்டில் மூன்று நான்கு மாதம் வாங்கியவருக்கு வாடகை கொடுத்து இருந்துகொள்வது. உடனே குடிவர அவசரமில்லாத வாங்குபவர்கள், முதலீட்டுக்கு வாங்குபவர்கள் இதற்குச் சம்மதிப்பார்கள். கேட்டுப் பார்க்காமலேயே பலர் விட்டுவிடுகிறார்கள். கேட்கும்போது எல்லாவற்றையும் எழுத்தில் வையுங்கள்: எந்தத் தேதிவரை, மாதம் எவ்வளவு, நடுவில் குழாய் உடைந்தால் யார் செலவு, சொன்ன தேதியில் காலி செய்யாவிட்டால் ஒரு நாளைக்கு எவ்வளவு. வாங்குபவர் தான் குடியிருப்பதாகச் சொல்லிக் கடன் எடுத்திருந்தால், அவருடைய வங்கி இதற்கு எத்தனை மாதம் அனுமதிக்கும் என்பதையும் அவர் கேட்டுச் சொல்ல வேண்டும்.

முதலில் விற்பதற்கு முன்னால் ஒரு விஷயம். கடன் பாக்கி இன்றைய விலையைவிட அதிகமாக இருந்தால், வீட்டை விற்றும் மிச்சத்தைக் கையிலிருந்து கட்ட வேண்டும். அந்த நிலையில் இருப்பவர்கள் தரகரிடம் போவதற்கு முன் வங்கியிடம் போக வேண்டும். வாங்குபவரிடம் முன்பணம் வாங்கிய பிறகு வங்கி வில்லங்கத்தை விடுவிக்க மறுத்தால் இரண்டு பக்கமும் சிக்கல்.

விற்க முடியவில்லையா, அந்த விலைக்கு விற்க முடியவில்லையா?

முதலில் விற்கலாம் என்று முடிவெடுத்தவர்கள்கூட அதைச் செய்ய முடியாமல் நிற்பதற்குப் பெரிய காரணம், தாங்கள் வாங்கிய விலை மனத்தில் ஆணியடித்து உட்கார்ந்திருப்பது. டேவிட் ஜெனசோவ், கிறிஸ்டோபர் மேயர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 1990-களில் பாஸ்டன் நகர மையத்தில் அடுக்ககங்கள் விற்ற விவரங்களை அலசி 2001-ல் ஆய்வு வெளியிட்டார்கள். நஷ்டத்தில் விற்க வேண்டிய நிலையில் இருந்தவர்கள், சந்தையில் எதிர்பார்க்கக்கூடிய விலைக்கும் தாங்கள் வாங்கிய விலைக்கும் உள்ள இடைவெளியில் 25 முதல் 35 சதவீதம் வரை கூட்டிக் கேட்டார்கள். உண்மையில் கூடுதலாகக் கிடைத்தது அந்த இடைவெளியில் 3 முதல் 18 சதவீதம். அவர்கள் வீடுகள் விற்க நாளும் அதிகமானது. முதலீட்டுக்கு வாங்கியவர்களைவிட, குடியிருந்தவர்களிடம் இந்தப் போக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு.

நம் கணக்கில் போட்டுப் பாருங்கள். 100-க்கு வாங்கினீர்கள், இன்று 85. இடைவெளி 15. நாலைந்து கூட்டிக் கேட்கிறீர்கள். கிடைப்பது அரை முதல் 2.7 வரை. அதற்காக நீங்கள் இழப்பது மாதங்கள். அந்த மாதங்களில் வாங்கப்போகும் வீட்டின் பேரமும் கைநழுவிப் போகும். மேலே ஏறுகிறவருக்கு இது இரட்டை இழப்பு, ஏனென்றால் அவருக்கு லாபம் இருப்பது மறுமுனையில்.

மறுபக்கம் தரகர் 'இந்த விலைக்குக் கொடுத்துவிடுங்கள்' என்று அவசரப்படுத்தினால் அதையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஸ்டீவன் லெவிட், சாட் சைவர்சன் என்ற பொருளாதார அறிஞர்கள் சிகாகோவை ஒட்டிய பகுதிகளில் நடந்த ஏறக்குறைய 1 லட்சம் வீட்டு விற்பனைகளை ஆராய்ந்து 2008-ல் வெளியிட்ட முடிவு இது: தரகர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது, மற்றவர்கள் வீட்டைவிடச் சராசரியாக 9.5 நாள் கூடுதலாகச் சந்தையில் வைத்திருந்து 3.7 சதவீதம் அதிக விலை பெற்றார்கள். காரணம் எளிது. கூடுதலாக வரும் விலையில் தரகருக்குச் சேரும் பங்கு மிகச் சிறியது. சீக்கிரம் முடிந்தால் அவருக்கு அடுத்த வேலை.

ஆக உங்கள் மனம் விலையை மேலே இழுக்கும், தரகரின் அவசரம் கீழே இழுக்கும். நடுவில் உண்மையைச் சொல்வது ஒன்றுதான்: கடந்த மூன்று நான்கு மாதத்தில் உங்கள் வீட்டைப் போன்ற வீடுகள் உண்மையில் எந்த விலைக்குக் கைமாறின என்பது. விளம்பரத்தில் கேட்கும் விலை அல்ல, முடிந்த விலை. விளம்பரங்களைப் பார்த்தே ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம். நான்கு மாதமாக நிற்கும் ஒரு வீட்டின் விளம்பரத்தை எடுத்துப் படியுங்கள். முதலில் ஒரு விலை, ஐந்து வாரம் கழித்து 2 சதவீதம் குறைப்பு, இன்னும் ஒரு மாதம் கழித்து மறுபடி 2, பிறகு படங்களை மட்டும் மாற்றி, 'அவசர விற்பனை' என்ற சொல்லைச் சேர்த்து மூன்றாவது குறைப்பு. ஒவ்வொரு குறைப்பும் படிப்பவருக்குச் சொல்வது, இன்னும் கொஞ்சம் பொறுத்தால் இன்னும் குறையும் என்பதைத்தான். புது விளம்பரத்துக்கு முதல் இரண்டு மூன்று வாரங்களில் வரும் கவனம் பிறகு வராது. குறைப்பதானால் ஒரே தடவையில், ஆள் வரும் அளவுக்குக் குறையுங்கள்.

இரண்டையும் கோத்து முடிப்பது

'என் வீடு விற்றால்தான் இதை வாங்குவேன்' என்ற நிபந்தனையோடு ஒப்பந்தம் போடுவது. கேட்கப் பாதுகாப்பாக இருக்கிறது. ஆனால் உங்கள் வீட்டை வாங்குபவரும் இதே நிபந்தனையோடு வந்தால், அவர் வீட்டை வாங்குபவரும் அப்படியே வந்தால், இங்கிலாந்தில் வழக்கமாக நடப்பதுபோல நாலைந்து குடும்பங்கள் ஒரே சங்கிலியில் மாட்டிக்கொள்ளும். அங்கே இரு தரப்பும் ஒப்பந்தத்தைப் பரிமாறிக்கொள்ளும் நாள்வரை யார் வேண்டுமானாலும் விலகலாம். ஒருவர் விலகினால் மற்ற எல்லோர் ஏற்பாடும் சரிந்துவிடும்.

மந்தமான சந்தையில் இது உங்களுக்கே வரும் சோதனையாகவும் இருக்கும். உங்கள் வீட்டுக்கு இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவர் 90 தருகிறேன் என்கிறார், ஆனால் தன் வீடு விற்க வேண்டும். இன்னொருவர் 86 தருகிறார், வங்கி ஒப்புதல் கையில் இருக்கிறது, நிபந்தனை எதுவும் இல்லை. யாரைத் தேர்ந்தெடுப்பது?

முதலாமவர் விலகிவிட்டால் நீங்கள் மறுபடி விளம்பரம் கொடுத்து, மாதங்கள் இழந்து, எல்லாச் செலவும் போகக் கடைசியில் 80 பார்ப்பீர்கள் என்று வையுங்கள். அப்படியானால் அவர் முடிப்பதற்கான வாய்ப்பு பத்தில் ஆறுக்கு மேல் இருந்தால்தான் 90 லாபம். அதற்குக் கீழே 86-தான் பெரிய விலை. வாய்ப்பை எப்படி எடைபோடுவது? அவரிடம் நேராகக் கேளுங்கள். உங்கள் வீடு சந்தைக்கு வந்துவிட்டதா, என்ன விலை போட்டிருக்கிறீர்கள், வாங்க ஆள் வந்தாரா, அந்த ஆளும் இன்னொரு வீடு விற்க வேண்டியவரா? அவர் வீட்டுக்கு ஒப்பந்தமே போட்டாகிவிட்டது, வாங்குபவரின் கடனும் ஒப்புதலாகிவிட்டது என்றால் அந்த நிபந்தனை சில வாரக் காரியம், தயங்காமல் 90-ஐ எடுக்கலாம். 'அடுத்த மாதம்தான் விளம்பரம் கொடுக்கலாம் என்று இருக்கிறோம்' என்றால் நன்றி சொல்லிவிட்டு 86-க்குப் போங்கள்.

நடுவழியும் உண்டு. 90-ஐ ஏற்றுக்கொண்டு, வீட்டைத் தொடர்ந்து மற்றவர்களுக்கும் காட்டுவேன் என்றும், நிபந்தனை இல்லாத இன்னொருவர் வந்தால் 72 மணி நேரத்துக்குள் அந்த 90 தருபவர் தன் நிபந்தனையைக் கைவிட வேண்டும், இல்லையேல் விலக வேண்டும் என்றும் ஒப்பந்தத்தில் எழுதுவது. நீங்கள் வாங்கும் பக்கத்திலும் இதே ஏற்பாட்டைக் கேட்கலாம். விற்பவர் இதற்கு ஒப்புக்கொள்வது மந்தமான சந்தையில்தான் நடக்கும்.

விற்காமல் வாடகைக்கு விடுவது

'இப்போது விற்றால் நஷ்டம், வாடகைக்கு விட்டுவிட்டு நல்ல விலை வரும்போது விற்கலாம்' என்பது மிக எளிதில் மனத்துக்குப் பிடித்துப்போகும் யோசனை. சிலருக்குச் சரியாகவும் வரும். வாடகை, கடன் தவணையையும் வரியையும் பழுதுபார்ப்பையும் ஆண்டுக்கு ஒரு மாதமாவது காலியாகக் கிடப்பதையும் தாங்குமா என்று முதலில் பாருங்கள். பிறகு உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த வீட்டை விற்றால் வரும் பணம் இன்று ரொக்கமாகக் கையில் இருந்தால், இதே வீட்டை இதே விலைக்கு வாங்கி வாடகைக்கு விடுவேனா? மாட்டேன் என்றால், வைத்திருப்பதற்கும் காரணம் இல்லை. ஜப்பானில் நில விலை 1991-ல் உச்சம் தொட்டபின் பத்தாண்டுக்கும் மேல் இறங்கிக்கொண்டே போனது. 'நல்ல விலை வரும்போது' என்பதற்குத் தேதி கிடையாது.

இருக்கும் இடத்தில் இருப்பது

வேலை மாற்றம், குடும்பப் பிரிவு, வயதான பெற்றோர், படி ஏற முடியாத முழங்கால் போன்ற காரணங்கள் சந்தை சரியாகும்வரை காத்திருக்காது. ஆனால் ஓர் அறை கூடுதலாக வேண்டும் என்பது மட்டும்தான் காரணம் என்றால், ஓர் அறையைக் கூட்டிக் கட்டும் செலவையும், வீடு மாறுவதற்கான தரகு, பதிவுக் கட்டணம், புதிய வட்டி எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். மலிவான நிலையான வட்டியில் கடன் வைத்திருப்பவருக்கு அந்தக் கடனே ஒரு சொத்து. பிரிட்டனிலும் கனடாவிலும் பல வங்கிகள் பழைய கடனை அதே வட்டியோடு புதிய வீட்டுக்கு மாற்றிக்கொள்ள விடுகின்றன. உங்கள் கடன் ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று படித்துவிட்டு முடிவெடுங்கள். இருந்தால், பழையதை விற்றதற்கும் புதியதை வாங்குவதற்கும் இடையில் எத்தனை நாள் அவகாசம் தருகிறார்கள் என்பதையும் பாருங்கள். அந்த அவகாசத்தைவிட நீண்ட காலம் வாடகையில் இருந்தால் அந்த வட்டி கைவிட்டுப் போகும்.

யார் முதலில் வாங்கலாம்?

முதலில் விற்க வேண்டும் என்று நான் வற்புறுத்தாத மூன்று பேர் உண்டு. பழைய வீட்டில் கடனே இல்லாமல், புதியதைக் கையிருப்பிலிருந்தே வாங்கக்கூடியவர். அவருக்குத் தவணைக் கெடு இல்லை என்பதால் பழைய வீடு ஓராண்டு நின்றாலும் தாங்கும். சக்கர நாற்காலி நுழையும் வாசல், தரைத்தளம், மருத்துவமனைக்கு அருகே என்று மிகக் குறிப்பான தேவை உள்ளவர். அப்படி ஒரு வீடு கண்ணில் பட்டால் விடக்கூடாது. மூன்றாமவர், மேலே சொன்ன கையிருப்புக் கணக்கில் விற்கும் வகைக்கு இரண்டு மூன்று மாதமும் வாங்கும் வகைக்கு அரை மாதமும் வந்தவர்; அவருக்கு விற்பது எளிது, கிடைப்பதுதான் அரிது.

இந்த மூவரும்கூட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இரண்டு வீட்டுச் செலவையும் சேர்த்து எத்தனை மாதம் தாங்க முடியும் என்று எழுதி, அதில் பாதிக் காலம் முடியும் தேதியைக் குறித்து, அந்தத் தேதியில் பழைய வீட்டின் விலையை எவ்வளவுக்கு இறக்குவது என்பதை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து இப்போதே பேசி முடித்துவிட வேண்டும்.